மத்தியான முனிரத்தினம்

முனிரத்தினத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை குளிரவைத்து அனுப்பியாகிவிட்டது. சித்திரை மாதம், மாரடைப்பு. கூடத்தின் நடுவில் என் பெட்டி, மேலே மல்லிகை மாலை, பக்கத்தில் அழாமல் உட்கார்ந்திருந்த மனைவி, எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. அதனால் கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம், 'முனிரத்தினம், காலமானவர், சேவாபவன் மருத்துவமனை வாசல், பிரீசர் பாக்ஸ் தேவை' என்று போனில் ஆர்டர் வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு ஆள் எத்தனை தடவைதான் சாவார்?

என் பெயர் தணிகாசலம். வேலூரில் இறந்தவர்களை வைக்கும் பிரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுகிறேன். கல்யாண வீட்டில் தொழில் என்ன என்று கேட்பார்கள். சொன்னதும் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும். என் வீட்டிலேயே அப்படித்தான். என் மனைவி வசுமதி பெட்டிகளை வாசல்படி தாண்ட விட்டதில்லை. அவை தெருக்கோடி ஷெட்டில்தான் இருக்கும். நானும் ஷெட்டிலிருந்து வந்தால் பின்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். "அந்தப் பொட்டியில நான் படுக்கிற அன்னிக்கி நமக்குள்ள எல்லாம் முடிஞ்சிதுன்னு அர்த்தம். அதுவரைக்கும் அது என் கண்ணுல படக்கூடாது" என்பாள்.

ஆர்டர் போட்டது மனிதர் யாரும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் மிஷின் ஒருவரைக் காலமானவர் என்று சொல்லிவிட்டால், பெட்டிக்காரனுக்கும் பூக்காரனுக்கும் அதுவே தகவல் அனுப்பிவிடும். நல்ல ஏற்பாடுதான். அழுகிறவர்கள் அழலாம், மற்றதை மிஷின் பார்த்துக்கொள்ளும்.

மிஷின் என்றால் பொட்டு படிக்கும் மிஷின். அட்டை, கைரேகை, கண் எல்லாம் ஒழிந்து, எல்லார் மணிக்கட்டிலும் தோலுக்கடியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு பொட்டு வைத்தார்கள். அதற்குள்ளே ஒரே ஒரு மூலக்கூறு. அதன் வழியாக மின்சாரம் போகும், அந்த மூலக்கூறு ஆடுகிற ஆட்டம் ஆளுக்கு ஆள் வேறு, அதனால் உங்களை யாராலும் திருட முடியாது என்று மூலக்கூறு அடையாள வாரியத்திலிருந்து வந்து சொன்னார்கள். திருட முடியாது என்பது உண்மைதான். தொலைந்துபோவோம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

முதல் கோடையிலேயே தொலைந்தோம். வெயில் உச்சிக்கு ஏறியதும் யார் கையை நீட்டினாலும் மிஷின் ஒரே பெயரைச் சொன்னது: முனிரத்தினம். சத்துவாச்சாரியில் மரக்கடை வைத்திருந்த முனிரத்தினம். காலையிலும் மாலையிலும் நாங்கள் நாங்களாக இருப்போம், மத்தியானத்தில் ஊரே முனிரத்தினம். பஸ் முழுக்க முனிரத்தினம், பேங்க் வரிசை முழுக்க முனிரத்தினம். சிலர் மணிக்கட்டில் ஐஸ் கட்டி வைத்துப் பார்த்தார்கள். கை மட்டும் குளிர்ந்து கழுத்து சூடாக இருந்தால் அது ஏமாற்று வேலை என்று வாரியம் மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. மக்கள் கொஞ்ச நாள் கத்தினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். நம் ஆட்களுக்குப் பழகுவது என்ன பெரிய வித்தையா.

முனிரத்தினத்துக்கோ தலைகால் புரியவில்லை. "ஊரே நான்தாண்டா" என்று டீக்கடையில் மீசையை முறுக்குவார். அவர் மனைவி பட்டம்மாளின் போனுக்குப் பகலெல்லாம் செய்தி வந்துகொண்டிருக்கும். உங்கள் கணவர் ஆரணியில் பட்டுப்புடவை எடுத்தார். உங்கள் கணவர் பெண்கள் கல்லூரியில் பரீட்சை எழுதினார். உங்கள் கணவர் பிரசவ வார்டில் சேர்ந்தார்.

அவர் உயிரோடு இருந்தவரைக்கும் அது வேடிக்கை. அவர் போனதும் மத்தியானத்தில் ஊரே பிணம். கடை கொடுக்காது, பஸ் ஏற்றாது. வெயில் தாழும்வரை செத்துக் கிடந்துவிட்டு எழுந்துகொண்டால் போயிற்று என்று ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. விஷயம் தெரியாத யாரோ உச்சி வெயிலில் ஆஸ்பத்திரிக்குப் போய் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஆர்டரைக் கேன்சல் செய்யவாவது போய்த்தானே ஆக வேண்டும் என்று திட்டிக்கொண்டே வேனை எடுத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி வேப்பமர நிழலில் நின்றிருந்தார்.

"பாடி எங்கப்பா?" என்றேன்.

"தோ, பெஞ்சுல குந்தியிருக்குது."

திரும்பிப் பார்த்தேன். முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, உதடெல்லாம் வெடித்து உட்கார்ந்திருந்தது என் வசுமதி.

காலையில் உடம்பு லேசாகச் சுடுகிறது என்றாள். மாத்திரை போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு நான் காட்பாடிக்குப் பெட்டி எடுக்கப் போய்விட்டேன். காய்ச்சல் ஏறி நிற்க முடியாமல் போக, பக்கத்து வீட்டுக்காரம்மா ஆட்டோவில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

"நான் செத்துட்டனாம்" என்றாள். குரலே எழும்பவில்லை. "எத்தினி தபா சொன்னாலும் கேக்க மாட்டேங்குது."

நெற்றியில் கை வைத்தேன். அடுப்பில் போட்ட கல்லாகக் கொதித்தது.

"வெயில் தாழ்ந்தா உள்ள விட்டுருவீங்களாப்பா?" என்று காவலாளியிடம் கெஞ்சினேன்.

"இது வெயில் சூடு இல்ல தலைவா, ஜுரச் சூடு. ராத்திரியிலயும் இவங்க முனிரத்தினந்தான். நான் இன்னா பண்றது, கதவு எங்கையில இல்ல."

அப்போது கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். நிலோபர் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. ஆம்பூர்க்காரப் பெண். மிஷின்களைப் பார்த்துக்கொள்ள வாரியம் ஆஸ்பத்திரியில் உட்காரவைத்திருந்த இன்ஜினியர். நாள் முழுக்கத் திட்டு வாங்கி வாங்கி முகம் வாடியிருந்தது.

"உடம்பு முழுக்கக் குளிர்ந்தாத்தான் மிஷின் ஒத்துக்கும், அண்ணா. கொஞ்ச நேரமாவது..." என்று ஆரம்பித்தவள், என் வேனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

நானும் வேனைப் பார்த்தேன். வசுமதியும் பார்த்தாள்.

"வேணாங்க" என்றாள். "எனக்கு பயமா இருக்குது."

"எனக்குந்தான் வசு."

பெட்டியைக் கீழே இறக்கினேன். குளிரைக் குறைத்து வைத்து, என் துண்டை விரித்து, அவளைத் தூக்கிப் படுக்க வைத்தேன். மூடியை முழுதும் மூடாமல் இடைவெளி விட்டு, அதன் வழியாகக் கையை உள்ளே நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ பேரை அந்தப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். ஒருவர்கூட என் கையை இறுக்கியது கிடையாது.

பிரீசர் பாக்ஸைப் பார்த்தால் கூட்டம் கூடாமல் இருக்குமா. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். ஒரு அம்மாள் பழக்க தோஷத்தில் ஒப்பாரியையே எடுத்துவிட்டார். "மவராசி, மஞ்ச குங்குமத்தோட போயிட்டியே" என்று அவர் மார்பில் அடித்துக்கொள்ள, "சும்மா இரும்மா, தல வலிக்குது" என்று உள்ளேயிருந்து வசுமதி சொன்னாள். அந்த அம்மாள் போட்ட அலறலில் வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்தது.

நிலோபர் கை மிஷினை வசுமதியின் மணிக்கட்டில் வைத்தாள். "வசுமதி, தணிகாசலத்தின் மனைவி. வணக்கம்" என்றது அது. கதவு திறந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அந்த மிஷினைக் கும்பிட்டேன்.

ஆனால் பட்ட காலிலேதான் படும். டைபாய்டு, முற்றிவிட்டது என்றார் டாக்டர். உடம்பு குளிர்ந்திருக்கும்போதே மருந்து அலமாரியில் அவள் கையை வைத்து முதல் ஊசி போட்டாயிற்று. அடுத்ததைச் சாயங்காலம் போட்டே ஆக வேண்டும். அதற்குள் அவளுக்கு நடுக்கம் கண்டு, கட்டிலே ஆடியது. நடுக்கம் நின்றதும் காய்ச்சல் முன்னைவிட அதிகமாக ஏறியது. அலமாரி நோயாளியின் கையைத் தவிர வேறு எந்தக் கைக்கும் திறக்காது. வெளியே மருந்துக்கடையிலும் அதே சட்டம். அவள் கையை வைத்தோம். "முனிரத்தினம். காலமானவர். ஆழ்ந்த இரங்கல்" என்றது அலமாரி.

"திரும்ப ஒரு தடவை பெட்டியில வச்சிப் பாக்கட்டுமா டாக்டர்?"

"வச்சீங்கன்னா அப்புறம் அவங்களை வெளிய எடுக்கிற வேலை இருக்காது" என்றார் டாக்டர். அவருக்கும் கோபம், என்மேலா மிஷின்மேலா என்று தெரியவில்லை.

நிலோபர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிவந்தாள். நான் அவளிடம் கத்தினேன். பாவம், அவள் என்ன செய்வாள். ஆனாலும் கத்தினேன்.

"ஏம்மா, என் பொண்டாட்டி எப்பிடிம்மா முனிரத்தினம் ஆவா? அவரு குடோன் மாதிரி இருப்பாரு. இவ இவ்ளோதான்."

"உங்க வீட்டு வாசல்ல அக்கா கோலம் போடுவாங்கதானே, அண்ணா?"

"போடுவா. அதுக்கு இன்னா?"

"பொட்டுக்குள்ள ரெண்டு உலோக முனை. நடுவுல ஒரு மூலக்கூறு. இந்த முனையிலிருந்து எலக்ட்ரான் கிளம்பி அது வழியாத்தான் அந்தப் பக்கம் போகணும். மூலக்கூறு சும்மா இருக்காது, ஆடிக்கிட்டே இருக்கும். போற எலக்ட்ரான் அந்த ஆட்டத்துக்கு ஒரு உந்து கொடுத்துட்டுப் போகும். அப்போ கரண்ட் துளி ஏறும். எந்த எந்த இடத்துல ஏறுதோ அதுதான் அந்த ஆளோட கோலம். ஆளுக்கு ஆள் கோலம் வேற வேற இருக்கணும்னு அங்கங்க கனமான ஹைட்ரஜனை வச்சோம். கனம் மாறினா ஆட்டம் மாறும்."

"சரி."

"குளிர்ல கோலம் பளிச்சினு தெரியும். சூடு ஏறினா மூலக்கூறும் தறிகெட்டு ஆடும், எலக்ட்ரானும் முண்டியடிச்சிக்கிட்டு வரும். மழை பெஞ்ச மாதிரி கோலம் கலைஞ்சிடும். எல்லா வாசலும் வெறும் வாசல்."

"அதுல முனிரத்தினம் எங்கம்மா வந்தாரு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இங்க முகாம் தொடங்கின அன்னிக்கு, நல்ல நேரம் முடியறதுக்குள்ள முதல் பொட்டு வச்சாகணும்னு மேடையில ஒரே அவசரம். அடையாளம் வச்ச மூலக்கூறு எல்லாம் வழியில வந்துக்கிட்டிருக்கு. ராகு காலம் பொறக்கப் போகுது. மிஷின் வேலை செய்யுதான்னு பாக்க ஒரு வெறும் மூலக்கூறு வச்சிருந்தாங்க. அதை எடுத்து முன்னால நின்னவர் கையில வச்சிட்டாங்க. அப்புறம் மாத்திக்கலாம்னு."

"முன்னால நின்னது முனிரத்தினம்."

"ஆமா."

"அவரு எங்கயும் யாருக்கும் பின்னால நின்னதே கெடையாதும்மா."

"அவர் பொட்டுலதான் கோலமே இல்ல. அதனால கோலம் கலைஞ்ச எல்லார் வாசலும் மிஷினுக்கு அவர் வாசல் மாதிரியே தெரியுது."

கோலம் இல்லாத வாசலைப் பற்றி என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. என் தொழிலே அந்த வாசல்களில்தான் நடக்கிறது.

"வாரியத்துக்கு எழுதினியா?"

"நிறைய தடவை. அவங்க வெயில் காலத்துல ஊட்டியில இருப்பாங்க. சோதனையெல்லாம் அங்கதான் பண்ணாங்க. அங்க எல்லாருக்கும் சரியா வேலை செய்யுதுன்னு பதில் வந்துச்சு." கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒரு வழி இருக்கு. முனிரத்தினம் உயிரோட இருந்தாப் போதும், அலமாரி திறந்துடும். இறந்துட்டார்னு அவர் வீட்டம்மாதான் மிஷின்ல சொல்லியிருக்காங்க. சொன்னவங்களே வந்து, இல்ல, இருக்கார்னு சொல்லணும். பொய்தான். என் வேலை போகும். பரவாயில்ல."

இருவரும் வேனில் சத்துவாச்சாரிக்குப் போனோம். பட்டம்மாள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டு நிறையச் சோறு, கருவாட்டுக் குழம்பு. முனிரத்தினத்துக்குக் கருவாட்டு வாசனை ஆகாது என்பது தெருவுக்கே தெரியும். அந்த வாசனைக்காக அவர் தட்டை வீசி எறிந்ததும் தெரியும்.

"வா தம்பி. சாப்புடறியா?"

"வேணாக்கா." விஷயத்தைச் சொன்னேன். நிலோபர் விளக்கினாள். பட்டம்மாள் சோற்றைப் பிசைவதை நிறுத்தாமலே கேட்டார்.

"முடியாது" என்றார்.

"ரெக்கார்டுல மட்டுந்தாம்மா" என்றாள் நிலோபர்.

"ரெக்கார்டுல அந்த ஆளு என்னிக்குமே நல்லவருதான் கண்ணு." வலது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. "இத்த ஒடச்சப்போ ஆஸ்பத்திரியில இன்னா எழுதுனாங்க தெரியுமா? கெணத்தடியில வழுக்கி வுழுந்துட்டேன்னு. நானும் ஆமான்னேன். அவரு செத்துட்டாருன்னு அந்த மிஷின்ல சொன்னேன் பாரு, நான் சொல்லி ஒருத்தர் கேட்டது என் ஆயுசுல அது ஒண்ணுதான். அத்தப் போயி இல்லேன்னு சொல்லச் சொல்றியே."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கிடப்பது என் மனைவி. "வசு செத்துருவாக்கா" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. சாவு வீட்டில் அழக்கூடாது என்று தொழிலில் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். அது அன்றைக்குப் போயிற்று.

பட்டம்மாள் கையை உதறிவிட்டு எழுந்தார். கழுவிக்கொண்டு வந்தார்.

"அந்த ஆளு எங்கிட்ட வந்து, தப்புன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அப்பறம் பாக்கலாம்."

"செத்தவரு எப்படிக்கா வருவாரு?"

"இந்த நேரத்துக்கு ஊர்ல இருக்கறவன் எல்லாம் அவருதானே. யாரயாவது கூப்புடு."

நான் கையை நீட்டினேன். நிலோபர் மிஷினை வைத்தாள். முனிரத்தினம், காலமானவர். "தப்புதான், மன்னிச்சிரு" என்றேன்.

"நீ பொண்டாட்டிக்காக கேக்கற. செல்லாது."

இதற்குள் வாசலில் கூட்டம். பிரீசர் பாக்ஸ் வண்டி நின்றால் யாரோ போய்விட்டார் என்றுதானே அர்த்தம். "யாரு?" என்றார்கள். "முனிரத்தினம்" என்றேன். "திரும்பவுமா?" என்றார்கள். விஷயம் வாய்க்கு வாய் பரவி, வெயிலில் ஒரு வரிசையே நின்றுவிட்டது. யாரும் யாரையும் நிற்கச் சொல்லவில்லை. செத்துச் செத்து எல்லாருக்கும் அலுத்துப் போயிருந்தது.

ஒவ்வொருவராக வந்தார்கள். மிஷின் முனிரத்தினம் என்று சான்று கொடுக்கும், அவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள், பட்டம்மாள் கேட்டுவிட்டு "போ" என்பார். பேங்க் மேனேஜர் வந்து, ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்றார். கல்லூரிப் பெண் ஒருத்தி, "ஆன்ட்டி, அங்கிள் சார்புல சாரி" என்றாள். கவுன்சிலர் மைக் கேட்டார். "நான் ஒண்ணுமே பண்ணலியேக்கா, நான் எதுக்கு கேக்கணும்?" என்று மல்லுக்கு நின்றார் ஒரு புரோட்டா மாஸ்டர். "அவருகூட அதத்தான் சொல்வாரு" என்றார் பட்டம்மாள். ஓர் ஆட்டோக்காரர் மட்டும் வாயைத் திறக்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆட்டோவை எடுத்துக்கொண்டு வேகமாகத் தன் வீட்டுப் பக்கம் போனார்.

பொழுது சாய ஆரம்பித்தது. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சொந்தப் பெயருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஊசிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் நல்லாத்தான் கேக்கறாங்க" என்றார் பட்டம்மாள். "எதுக்குன்னுதான் ஒருத்தருக்கும் தெரியல." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "வண்டிய எடு. யாருக்காக பொய் சொல்லச் சொல்றியோ, அவள நான் பாக்கணும்."

வார்டில் வசுமதி கண்ணை மூடிக் கிடந்தாள். அலமாரி பக்கத்தில் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிலோபர் மெதுவாக அவள் கையில் மிஷினை வைத்தாள். "முனிரத்தினம். காலமானவர்." வெளியே வெயில் போய்விட்டது. ஊரில் இப்போது முனிரத்தினம் என்று இருப்பது இவள் ஒருத்திதான்.

பட்டம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்தார். "இவ்ளோண்டு இருக்கற. அந்த ஆளாம் நீ" என்றார்.

வசுமதி கண்ணைத் திறந்தாள். யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. காய்ச்சலில் பார்வையே நிலைகொள்ளவில்லை. கையைத் துழாவி, பட்டம்மாளின் வலது கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் அந்தக் கோணல் மணிக்கட்டில் பட்டு நின்றன. அதைத் தடவிப் பார்த்தாள்.

"ஒடஞ்சிருக்குதே" என்றாள். "வலிக்குதா?"

பட்டம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கணவர் போன அன்று அந்தக் கூடத்தில் நான் பார்க்காத அழுகையை இப்போது பார்த்தேன். சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதார்.

"மழ வந்தா வலிக்கும்" என்றார்.

பிறகு நிலோபர் பக்கம் திரும்பி, இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோணல் கையை மிஷின்மேல் வைத்தார். "எம் புருஷன் உயிரோடதான் இருக்காரு. நான்தான் அவசரப்பட்டுட்டேன். ஊசியப் போடுங்க" என்றார்.

அலமாரி திறந்தது. "முனிரத்தினம். நலம் பெற வாழ்த்துகிறோம்" என்றது.

வசுமதி பிழைத்துக்கொண்டாள். அந்தக் கோடை முழுக்க ஊர் உயிருள்ள முனிரத்தினமாக, நிம்மதியாக, மத்தியானத்திலும் காய்கறி வாங்கியது. நிலோபரின் வேலையும் போகவில்லை. ஒரு பிணம் உயிர்பெற்றதைப் பற்றி விசாரிக்க வேலூருக்கு வர வேண்டும், வெயில் தாழட்டும், பிறகு மழை விடட்டும் என்று வாரியம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறது.

என் தொழிலில் ஒரு மாற்றம். வசுமதி படுத்து எழுந்த அந்தப் பெட்டியை யாரும் தொடமாட்டார்கள் என்று நினைத்து, ஷெட்டின் மூலையில் தள்ளி வைத்திருந்தேன். நடந்தது வேறு. சாவு வீட்டிலிருந்து போன் செய்கிறவர்கள் கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொட்டியே கெடைக்குங்களா?" என்று கேட்கிறார்கள். படித்தவர்களும் கேட்கிறார்கள். எதற்கு என்று நான் கேட்பதில்லை. முடிந்தவரை அதையே அனுப்புகிறேன்.

ஆடியில் மழை பிடித்தது. ஊரில் எல்லாரும் அவரவர் பெயரோடு குளிர்ந்து நடமாடினார்கள். வசுமதி மட்டும் திரும்பவில்லை. காலையில் கையை நீட்டினாலும் முனிரத்தினம், மழையில் நனைந்துகொண்டே நீட்டினாலும் முனிரத்தினம்.

நிலோபர் வீட்டுக்கே வந்து பரிசோதித்தாள். "கோலம் கலையல அண்ணா, கழுவியே போயிடுச்சு. அந்த ஜுரத்துல கனமான ஹைட்ரஜன் எல்லாம் எழுந்து போயி, அந்த இடத்துல சாதாரண ஹைட்ரஜன் வந்து உக்காந்திருக்கு. அவங்க பொட்டு இப்போ வெறும் பொட்டு. பயப்படாதீங்க, புதுசு வச்சிடலாம். அஞ்சு நிமிஷ வேலை."

"வேணாம்மா" என்றாள் வசுமதி. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஏன் வசு? உனக்கு உம்பேரு வேணாமா?"

"பேரு எங்க போவப்போவுது, நீங்க கூப்புடறீங்கல்ல." முறத்தைத் தட்டினாள். "அந்தக்கா எனக்காக அவரு உயிரோட இருக்காருன்னு சொல்லிட்டாங்க. திரும்பவும் போயி செத்துட்டாருன்னு சொல்ல முடியாது. அப்படின்னா அந்த இடத்துல யாராவது இருந்துதானே ஆவணும்? வெறும் ரெக்கார்டா வுட்டா திரும்ப அந்த ஆளு வந்து குந்திக்குவாரு. அதுக்கு நானே இருந்துட்டுப் போறேன்."

நிலோபர் என்னைப் பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன். என் வீட்டில் நான் வேறு எங்கே பார்க்க முடியும்.

ஆக, சட்டப்படி இன்று என் மனைவி பட்டம்மாளின் கணவர். வெள்ளிக்கிழமைதோறும் பட்டம்மாள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருகிறார். சுமங்கலிக்கு என்ன குறை என்கிறார். ஒரு தூக்கில் கருவாட்டுக் குழம்பு இருக்கும். இருவரும் தம்பதி டிக்கெட்டில் சினிமாவுக்குப் போகிறார்கள், வீட்டுக்காரர் வந்தால்தான் கையெழுத்து என்கிற இடத்துக்கெல்லாம் போய்ப் பட்டம்மாள் நினைத்ததைச் செய்துகொண்டு வருகிறார்கள். "இத்தினி வருஷத்துல இப்பத்தான் தம்பி எம் புருஷன் ஒழுங்கா இருக்காரு" என்று என்னிடமே சொல்கிறார்.

நேற்றும் வெள்ளிக்கிழமை. மழை தூறிக்கொண்டிருந்தது. வசுமதி குடையை எடுத்துக்கொண்டு, பட்டம்மாளின் கோணல் கையை ஜாக்கிரதையாகப் பிடித்துப் படி இறக்கி, இரண்டு பேருமாகத் தெருமுனை திரும்பினார்கள். அவர்கள் மறைந்த கொஞ்ச நேரத்தில் என் போனில் வழக்கமான செய்தி வந்தது. 'உங்கள் மனைவி வசுமதி நீண்ட நாட்களாக எங்கும் பதிவாகவில்லை. அவர் உயிருடன் இருக்கிறாரா?'

ஆம் என்று அழுத்திவிட்டு, உலையில் அரிசியைப் போட்டேன்.